பாரிமுனை யாருடைய பெயர்?: ஒரு எல்லைக்கல்லும் ஒரு வணிகப் பலகையும்

சென்னை ஜார்ஜ் டவுனின் தென்கிழக்குக் கோடியில், ராஜாஜி சாலையும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையும் கூடுமிடம் பாரிமுனை. அந்த முனையில் நிற்கும் கட்டடத்தின் பெயரோ டேர் ஹவுஸ். காலனியகால இடப்பெயர்களைப் பற்றி எழுதியவர்கள் இந்தப் பொருத்தமின்மையை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள். அவ்வளவு எளிதாகக் கடந்துபோகக்கூடியது அன்று அது என்பது என் எண்ணம். ஒரே நிறுவனத்தின் இரு கூட்டாளிகளில் ஒருவருடைய குடும்பப்பெயர் ஊர்ப்பெயராகிறது. மற்றவருடையது கட்டடத்து முகப்போடு நின்றுவிடுகிறது. ஏன்?

இதுவரை வழங்கிவரும் விளக்கம் நினைவேந்தல் கோட்பாட்டின் வழிப்பட்டது. வெள்ளை அதிகாரிகளும் வணிகர்களும் தம் பெயர்களை நகரத்தின் மேல் பொறித்துச் சென்றார்கள். எல்லியட்ஸ் சாலை, பைகிராஃப்ட்ஸ் சாலை ஆகியவற்றின் வரிசையில் பாரிமுனையும் ஒன்று. விடுதலைக்குப் பின் அவற்றில் சில பெயர்கள் மாறின, சில தப்பின என்பது அதன் சாரம். இதில் எல்லியட்டுக்கும் பைகிராஃப்டுக்கும் பொருந்துவது பாரிக்குப் பொருந்தவில்லை. முன்னவை தெருக்கள். தெருவுக்குப் பெயர் சூட்டும் அதிகாரமும் பதிவேடும் மாநகராட்சியிடம் உண்டு. ஆகவேதான் எல்லியட்ஸ் சாலை டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை ஆயிற்று. பைகிராஃப்ட்ஸ் சாலை பாரதி சாலை ஆயிற்று. மூலைக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. அதற்குப் பெயர் வைக்கத் தீர்மானம் போடுவாரும் இல்லை, எடுக்கத் தீர்மானம் போடுவாரும் இல்லை. பாரிமுனையில் கூடும் இரு சாலைகளுமே பெயர் மாறியவை என்பதைக் கவனிக்க வேண்டும். கடற்கரை முதல் வரிசை ராஜாஜி பெயரைப் பெற்றது. சைனா பஜார் சாலை நேதாஜி பெயரைப் பெற்றது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளி மட்டும் பழைய பெயரோடு இருக்கிறது.

ஆள் பக்கமிருந்து பார்த்தாலும் நினைவேந்தல் விளக்கம் தள்ளாடுகிறது. வேல்ஸ் நாட்டவரான தாமஸ் பாரி 1788-இல் சென்னையில் தொழில் தொடங்கினார். 1803-இல் இந்த முனையிலுள்ள மனையை வாங்கினார். 1819-இல் ஜான் வில்லியம் டேர் கூட்டாளியாகச் சேர, நிறுவனம் சிலகாலம் பாரி அண்ட் டேர் என்று இருவர் பெயரையும் தாங்கியது. 1824-இல் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு பாரி இறந்தார். கடலூர்க் கிறிஸ்து ஆலயத்தில் அடக்கமானார். அவர் இறந்த ஊரிலோ அடங்கிய ஊரிலோ பாரி என்றொரு இடப்பெயர் இல்லை. ஆளுநராகவோ தளபதியாகவோ இருந்தவரில்லை. மக்கள் நினைவில் நிற்கும்படியான கொடையோ கொடுமையோ அவர் பேரில் பேசப்படுவதில்லை. இன்று பாரிமுனையில் பேருந்து ஏறுகிறவர்களிடம் தாமஸ் பாரி யார் என்று கேட்டால் நூற்றில் ஒருவர் சொன்னால் அதிகம். நினைவுகூரப்படாத ஒருவருக்கு நினைவேந்தல் என்பது விசித்திரமான வாதம்.

ஆகவே ஆளை விட்டுவிட்டு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். டேர் ஹவுஸை ஒட்டி ஒரு கல்தூண் இருக்கிறது. கோட்டையைச் சுற்றிய வெட்டவெளியின், அதாவது எஸ்பிளனேடின், எல்லை இது என்றும், நாள் 1773 ஜனவரி 1 என்றும் அது சொல்கிறது. நடப்பட்ட ஆறு கற்களில் எஞ்சியது இது ஒன்றே. நடைபாதைக் கடைகளின் சந்தடியிலும் வாகனப் புகையிலும் இதை நின்று பார்ப்பவர் குறைவு. ஆய்வுலகில் இந்தக் கல்லுக்குக் கிடைத்திருக்கும் கவனமும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1746-இலும் 1758-59-இலும் பிரெஞ்சுப் படைகளிடம் பட்ட அடிக்குப் பிறகு கோட்டையின் பீரங்கிகளுக்கு மறைப்பில்லாத வெளி வேண்டும் என்பதற்காகக் கறுப்பர் நகர வீடுகளை இடித்து எல்லை கட்டினார்கள். கல் அதன் எச்சம். இவ்வளவு சொல்லிவிட்டு அதைப் படைத்துறை வரலாற்றின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பிரெஞ்சு அச்சம் நீங்கிய பிறகு எல்லைக்குப் பொருளில்லாமல் போயிற்று, கல் வெறும் கல்லாயிற்று என்பது அவர்கள் முடிவு. இந்த முடிவோடுதான் எனக்கு முரண்பாடு.

எல்லைக் கோட்டின் வடக்கே ஊர், தெற்கே வெற்றிடம். கோடு கிழக்கே கடலில் போய் முடிகிறது. துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியது 1870-களின் நடுவில்தான். அதற்கு முன் அலைகள் இன்றைய ராஜாஜி சாலைக்கு வெகு அருகே புரண்டுகொண்டிருந்தன. சரக்கும் ஆளும் மசூலாப் படகில் அலைதாண்டித்தான் கரையேற வேண்டும். எனவே ஊர், கோட்டை வெளி, கடற்கரை மூன்றும் சந்திக்கும் ஒரே புள்ளி இந்த முனை. வடக்கே போனால் கடற்கரை வரிசையில் கட்டடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. மேற்கே போனாலும் அப்படியே. தெற்கே மட்டும் ஒன்றுமில்லை. ஊரின் கடைசிக் கட்டடம் எது என்று கேட்டால் காட்டக்கூடியது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும். அந்த நிலையைப் பாரி தேடிப்போய்ப் பிடித்தாரா, தற்செயலாக வாய்த்ததா என்பது இங்கு முக்கியமில்லை. அந்த மனைக்குக் கோடிமனை என்ற தகுதியைக் கொடுத்தது அவருடைய பணமன்று. அவர் சென்னைக்கு வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அரசு நட்ட கல்.

இதற்கு ஒரு கனமான மறுப்பு உண்டு. எல்லை விதி நீடித்திருந்தால் எஸ்பிளனேடில் கட்டடங்கள் எப்படி வந்தன? 1844-இல் அங்கே கலங்கரை விளக்கத் தூண் எழுந்தது. இன்றும் உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. 1892-இல் உயர்நீதிமன்றமே எழுந்தது; இரண்டாண்டில் விளக்கும் அதன் கோபுரத்துக்கு ஏறியது. சட்டக் கல்லூரிக் கட்டடமும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வந்துவிட்டது. ஆகவே 1773 எல்லை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே செத்துவிட்டது என்பார்கள்.

கட்டடங்களின் பட்டியலைச் சற்று நிதானமாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. விளக்கு, நீதிமன்றம், சட்டக் கல்லூரி: மூன்றும் அரசின் கட்டடங்கள். இவை எழுந்த அந்த அரை நூற்றாண்டில், முனைக்கு நேர் தெற்கே, தனியார் வணிக நிறுவனம் எதுவும் தன் பலகையை மாட்டவில்லை. பீரங்கிக்கு மறைப்பு கூடாது என்ற விதி காலாவதியானது உண்மை. ஆனால் அதன் நிழலில் வேறொரு விதி உருவாகி நிலைத்திருக்கிறது: கோட்டின் தென்புறம் அரசுக்கு, வடபுறம் வணிகத்துக்கு. எழுதப்பட்ட விதி என்று நான் சொல்லவில்லை. நில உடைமை அப்படி அமைந்ததன் விளைவு என்றே கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும் இடப்பெயருக்கு விளைவு ஒன்றே. அரசுக் கட்டடம் குடும்பப்பெயரைத் தாங்குவதில்லை. ஹைகோர்ட் என்று தன் வேலையின் பெயரைத்தான் தாங்கும். அந்த நாற்சந்தியில் ஆள்பெயர் ஒன்று நிலைக்க வேண்டுமானால் அது வடக்கு மூலையிலிருந்து மட்டுமே வர முடியும். வடக்கு மூலையில் இருந்த பலகை ஒன்றுதான்.

எஸ்பிளனேடு என்ற பெயருக்கு என்னவாயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெட்டவெளி நிரம்பியதும் அந்தப் பெயர் பொதுவழக்கிலிருந்து ஒதுங்கி, எஸ்பிளனேடு காவல் நிலையம் என்ற அளவில் அரசு ஆவணங்களுக்குள் ஒடுங்கிவிட்டது. வெளிக்குச் சூட்டிய பெயர் வெளியோடு போனது. விளிம்புக்கு வாய்த்த பெயர் விளிம்போடு இருக்கிறது. கல் செத்துவிட்டது என்போர் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

கல் இடத்தைக் கொடுத்தது. பெயரைக் கொடுத்தது நிறுவனமா ஆளா என்ற கேள்வி மீதம் இருக்கிறது. இங்கே கூப்பிடு தூரத்திலேயே நல்ல ஒப்பீடு ஒன்று கிடைக்கிறது.

ஸ்டீபன் போபம் 1778-இல் சென்னைக்கு வந்த வழக்குரைஞர். நகருக்கு ஒழுங்கான காவல்துறை வேண்டும் என்று திட்டம் தீட்டித் தந்தவர். முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் இடையே கிடந்த பள்ளநிலத்தைப் பெற்று, மேடாக்கி, அதன்மேல் அகலமான சாலை போட்டார். நகருக்கு அவர் செய்தது பாரி செய்ததைவிடக் கண்கூடானது. அந்தச் சாலையில் இன்றும் நடக்கிறோம். அதன் பெயர் போபம்ஸ் பிராட்வே. போபம் 1795-இல் இறந்தார். பின்னால் வந்த தலைமுறைகளில் போபம் உதிர்ந்து பிராட்வே மட்டும் நின்றது. அதற்கும் பின் மாநகராட்சி அதைப் பிரகாசம் சாலை ஆக்கியது. பேருந்துப் பலகை பிராட்வே என்கிறது, கடிதம் பிரகாசம் சாலை என்கிறது, போபம் எதிலும் இல்லை. நினைவேந்தல் கோட்பாடு சரியானால் இந்த இருவரில் நிலைத்திருக்க வேண்டியவர் போபம். நிலைத்தவர் பாரி. இருவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு, போபம் தன் பெயரில் ஒரு கடையை விட்டுச்செல்லவில்லை என்பதே. ஒரு குடும்பப்பெயர் தெருவில் உயிரோடு இருக்க, நாள்தோறும் அதைச் சொல்லிக் கதவைத் திறந்து மூடும் ஒரு வாசல் வேண்டும். பில்லிலும் மூட்டையிலும் கப்பல் ரசீதிலும் அது அச்சாகிக்கொண்டே இருக்க வேண்டும். பாரி இறந்த பின்னும் அவர் பெயருக்கு அந்த வாசல் இருந்தது.

வழக்குமொழியும் இதற்குச் சாட்சி. பலகையில் பாரிமுனை என்று எழுதியிருந்தாலும் நடத்துநர் கூவுவது பாரீஸ். அந்தக் கடைசி ஒற்று ஆளுக்குரியதன்று, கடைக்குரியது. ஸ்பென்சர்ஸ், ஹிக்கின்பாதம்ஸ் என்று கடைகளைத்தான் அப்படிச் சொல்வோம். ஆளுநர் மன்றோவை யாரும் மன்றோஸ் என்பதில்லை. பாரிமுனை என்ற எழுத்து வடிவத்தில் பறம்புமலைப் பாரியின் எதிரொலியைக் கேட்டு, அதை ஒரு தமிழ்மீட்பாக வாசிப்போரும் உள்ளனர். கேட்க இனிமையாக இருக்கிறது. இடப்பெயர் எப்படிப் பிறந்தது என்ற கேள்விக்கு அதனால் உதவியில்லை.

இனி டேர் ஹவுஸுக்கு வரலாம். முனையிலிருந்த பழைய கட்டடத்தை எடுத்துவிட்டு நிறுவனம் புதிய மாளிகை கட்டியது. 1940-இல் அது நிறைவேறியது. அப்போது நகரில் புதிதாகப் பரவிக்கொண்டிருந்த ஆர்ட் டெகோ பாணி. நிறுவனர் பெயரைக் கல்லில் செதுக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. நிறுவனமோ இரண்டாம் கூட்டாளியின் பெயரை வைத்தது. நிறுவனத்தின் நன்றியுணர்ச்சி என்று இதை விளக்குவார்கள், இருக்கலாம். நான் சொல்ல விரும்புவது வேறு. 1940-இல் பாரி என்ற பெயரைக் கட்டடத்தின் மேல் எழுத வேண்டிய தேவையே நிறுவனத்துக்கு இல்லை. கட்டடம் நிற்கும் இடமே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. கைவசம் இருந்த இன்னொரு பெயருக்கு இடம் கொடுக்க முடிந்தது அதனால்தான். டேர் ஹவுஸ் என்ற பெயர், பாரி அதற்குள் முழுக்க இடப்பெயராகிவிட்டது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மறைமுகச் சான்று. மறைமுகச் சான்றுக்குரிய எச்சரிக்கையோடுதான் இதைப் பயன்படுத்துகிறேன்; ஆனால் பயன்படுத்துகிறேன்.

டேர் என்பது ஏன் ஊர்ப்பெயராகவில்லை என்ற தொடக்கக் கேள்விக்கும் இதிலேயே விடை கிடைக்கிறது. சூட்டப்பட்ட காலத்தில் அந்த முனைக்குப் பெயர் இருந்தது. பெயரில்லாத விளிம்பு, அதன்மேல் ஓயாமல் புழங்கும் வணிகப் பலகை என்று இரண்டும் சேர்ந்தால் மட்டுமே குடும்பப்பெயர் இடப்பெயராகிறது. இதை நெல்லிக்குப்பத்தில் சோதித்துப் பார்க்கலாம். பாரி நிறுவனத்தின் சர்க்கரைத் தொழில் 1842-இல் அங்கேதான் தொடங்கியது. ஊரின் பிழைப்பே அந்த ஆலையைச் சுற்றி அமைந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் ஊர் பாரிபுரம் ஆகவில்லை. ஏற்கெனவே அதற்கு நெல்லிக்குப்பம் என்ற பெயர் இருந்தது. பலகை இருந்தும் காலியிடம் இல்லை. போபம் சாலையிலோ காலியிடம் இருந்தது, பலகை இல்லை. கடற்கரை முதல் வரிசையிலேயே தொழில் நடத்திய ஆர்பத்நாட் நிறுவனம் 1906-இல் நொடித்து, ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பைக் கொண்டுபோயிற்று. மறு ஆண்டு இந்தியன் வங்கி பிறந்ததற்கு அந்த வீழ்ச்சியும் ஒரு காரணம். சென்னை அந்தப் பெயரை மறக்க முடியாதபடி அது அடிபட்டது. இருந்தும் ஆர்பத்நாட் என்று ஒரு பேருந்து நிறுத்தம் இல்லை. நினைவு வேறு, இடப்பெயர் வேறு.

ஹாரிங்டன் சாலை, ஹாடோஸ் சாலை போன்றவை கடை எதுவும் இல்லாமலே ஆள்பெயரைத் தாங்கி நிற்கின்றனவே என்று கேட்கலாம். அவை தெருக்கள், அவற்றின் வாழ்வும் சாவும் பதிவேட்டில் இருக்கிறது. நான் பேசுவது பதிவேட்டுக்கு வெளியே பிறந்த பெயர்களைப் பற்றி. அவ்வளவில் விடுகிறேன்.

வெள்ளைக்கார நிறுவனங்களுக்கு மட்டும் உரிய போக்கன்று இது. நகரத்தார் தொழில் மரபில் கடைக்கும் வீட்டுக்கும் ஆளுக்கும் பொதுவாக ஒரு விலாசம் உண்டு. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக் கோவை. ஏ.வி. மெய்யப்பனின் முதலெழுத்துகள் வடபழனியில் ஒரு படப்பிடிப்புத் தளத்தின் வாசலில் ஏறிய பிறகு ஏ.வி.எம். பேருந்து நிறுத்தமும் ஆயிற்று. அங்கே விரிந்துகொண்டிருந்த புறநகர் விளிம்பு, இங்கே கடலோர விளிம்பு. இரண்டிலும் பெயரை இறக்கிவிட்டது வாசல்தான். ஜாம்ஷெட்பூரில் இன்னொரு கோணம் தெரிகிறது. 1919-இல் அரசு சாக்சிக்கு நிறுவனரின் இயற்பெயரைச் சூட்டியது. ரயில் நிலையத்துக்கு டாடாநகர் என்று பெயர். பேச்சில் வென்றது டாடா. ஆலை வாசலில் இருந்த பெயர் அதுதானே.

விலாச மரபைச் சொல்ல வேறொரு காரணமும் உண்டு. 1981-இல் இ.ஐ.டி. பாரி முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது. பள்ளத்தூர்க் குடும்பம், பர்மாவில் வட்டித் தொழிலில் வேர்விட்டு, ஏ.எம்.எம். என்ற விலாசத்தோடு வளர்ந்தது. டேர் ஹவுஸ் இன்று அவர்களின் தலைமையகம். எதிர்சாரியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் போட்ட பர்மா பஜார். ஆக, ஒரு செட்டிநாட்டுக் குடும்பம், ஓர் ஆங்கிலக் கூட்டாளியின் பெயர்கொண்ட மாளிகையில், வேல்ஸ்காரர் பெயர்கொண்ட முனையில் அமர்ந்து தொழில் நடத்துகிறது. முருகப்பா முனை என்று யாரும் சொல்லத் தொடங்கவில்லை. காரணம் மேலே சொன்னதுதான்.

அதே சமயம் பாரி என்ற குடும்பப்பெயர் சரக்குப் பெயராகப் பங்கு பிரிந்துகொண்டிருக்கிறது. 1914-இல் தொடங்கிய பாரீஸ் மிட்டாய்த் தொழில் 2004-இல் கொரியாவின் லாட்டே நிறுவனத்துக்குப் போயிற்று. குளியலறைப் பீங்கான்களின் பாரிவேர், 2006-08 காலத்தில் ஸ்பெயினின் ரோகா கைக்கு மாறியது. சர்க்கரை மட்டும் முருகப்பாவிடம். தாமஸ் பாரிக்கு உறவில்லாத மூன்று நாட்டு முதலாளிகள் அவர் பெயரின் மூன்று துண்டுகளுக்குச் சட்டப்படி உடைமையாளர்களாகியிருக்கிறார்கள். முனையின் பெயர் மட்டும் எந்த விற்பனைப் பத்திரத்திலும் வரவில்லை.

என் வாதத்துக்கு இங்கே ஒரு நெருக்கடி இருப்பதை மறைக்க விரும்பவில்லை. பெயரை உயிரோடு வைத்திருப்பது வாசல் என்றால், வாசல் மூடியதும் பெயர் போக வேண்டும். பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடியது. பெரம்பூர்ப் பக்கம் இன்றும் பின்னி மில் என்றுதான் வழி சொல்கிறார்கள். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டும் அப்படியே. எனவே வாசல், பெயரை நிறுவுவதற்கு மட்டும் தேவையா, காப்பதற்கும் தேவையா என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறுவுவதற்கு இன்றியமையாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. காப்பதைப் பொறுத்தவரை, வாசல் எத்தனை தலைமுறை திறந்திருந்தது என்பதே கணக்கு என்று இப்போதைக்குக் கருதுகிறேன். போபத்துக்கு ஒரு தலைமுறைகூட இல்லை, பின்னிக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல். பெங்களூரின் பின்னிப்பேட்டையையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் ஆலை போய்விட்டது, பேட்டை இருக்கிறது.